ஒரு நாள் பிந்தியவர்கள்

மேகமலைக்கு ஏறும் கடைசி வளைவு தாண்டியதும் ஓட்டுநர் பேருந்தின் குளிர்சாதனத்தை அணைத்தார். "இனிமே சன்னலைத் திறந்துக்கலாம்" என்றார். யாரும் உடனே திறக்கவில்லை. பகலில் சன்னலைத் திறப்பது என்பது சாயல்குடியிலும் கமுதியிலும் கீழக்கரையிலும் பத்து வருடங்களாக யாரும் செய்யாத காரியம். கடைசியில் கிஷோர்பாண்டிதான் எழுந்து கண்ணாடியை ஒரு விரற்கடை நகர்த்தினான். உள்ளே வந்த காற்று பட்டதும் பேருந்திலிருந்த பதினாறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"தர்ணி, கையை நீட்டிப் பாரு புள்ள. ஈரமா இருக்கு."

புருஷன் சொன்னபடி தர்ணிகா கையை நீட்டவில்லை. மடியில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகப்பேற்று வாரியம் கொடுத்த அட்டை அது. மூன்று கட்டங்களில் இரண்டில் முத்திரை விழுந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் மூன்று நாள் கழித்து வரும் ஒரு தேதி எழுதியிருந்தது. அதுதான் அவளுடைய நாள். ஒரு தம்பதிக்கு மூன்று தடவை. முப்பத்தைந்து வயதுக்குள். அதற்குமேல் குளிர்மனையில் இடம் கிடையாது. அவளுக்கு முப்பத்து மூன்று நடந்துகொண்டிருந்தது.

கீழே சமவெளியில் குழந்தைகள் பிறப்பது நின்று போனதை ஊரில் முதலில் அறிந்தவள் அவள்தான். சாயல்குடி ரேஷன் கடையில் எடை போடும் வேலை அவளுக்கு. சத்துமாவு மூட்டை மாதம் பத்து வந்தது, பிறகு நான்கு, பிறகு ஒன்று. ஒரு மாதம் அந்த ஒன்றையும் வாங்க ஆள் இல்லாமல் வண்டு வைத்தது. வெயில்தான் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தச் சூட்டில் ஆணின் உயிரணுவும் தங்குவதில்லை, பெண்ணின் முட்டையும் தாங்குவதில்லை. ஆனால் நான்கைந்து நாள் குளிரில் இருந்தால், அதுவும் சரியான நாளில் இருந்தால், உண்டாகிறது. அதற்காகத்தான் மலைமேல் இந்த மனைகள்.

தர்ணிகாவுக்கே உண்டாகியிருக்கிறது. முதல் தடவை, ஐந்து வருடங்களுக்கு முன்பு. மலையிலிருந்து இறங்கி மூன்றாம் மாதம், சித்திரையில், கலைந்துவிட்டது. ஆனாலும் ஒரு தடவை வந்தது மறுபடியும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

இரண்டாம் தடவைதான் எல்லாம் கெட்டுப்போனது.

கிஷோர்பாண்டி கமுதிப் பக்கம் ஒரு சூரியத்தகட்டுப் பண்ணையில் தகடு துடைக்கும் வேலையில் இருந்தான். கிளம்ப வேண்டிய அன்றைக்குப் புழுதிப் புயல் அடித்துத் தகடெல்லாம் மண் மூடிவிட்டது. மேற்பார்வையாளர் விடவில்லை. சின்னமனூரில் வாரியத்தின் பேருந்தைத் தவறவிட்டு, மறுநாள் காய்கறி ஏற்ற மலைக்குப் போன லாரியில் இருவரும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். மனையில் இருந்த சிஸ்டர், உடம்புச் சூட்டைக் கணக்கெடுக்க வாரியம் தர்ணிகாவின் விரலில் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு நாள் பிந்திட்டீங்கம்மா. நேத்தே போயிருச்சு."

அதிலிருந்து பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதமும் தர்ணிகா புருஷனோடு பேசாமல் இருந்ததில்லை. பேசியதுதான் கொடுமை. தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துப்போகத் தாமதமானால், "அவுகதான் எதுக்கும் ஒரு நாள் பிந்தி வாற ஆளாச்சே" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி சொல்வாள். அவன் தாய் செத்த அன்றைக்கு, வெயில் தாக்கிக் கிடந்தவளுக்கு ஐஸ் பாளம் வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அன்றைக்கும் சொன்னாள், கூடியிருந்த சனம் அத்தனை பேர் முன்னாலும். அவன் எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு, பாளத்தை இறக்கி வைத்தான்.

இந்தத் தடவை அவன் வேலையையே விட்டுவிட்டான். பேருந்துக்கு இரண்டு நாள் முன்பே அவளைச் சின்னமனூருக்குக் கூட்டிவந்து, வாரியத்தின் காத்திருப்புக் கொட்டகையில் முதல் ஆளாகப் பாயை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பேருந்தில் ஏறும்போதும் முதல் ஆள் அவன்தான்.

குளிர்மனை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து அதிகாரிகள் இருந்த பங்களா. நீளமான வராந்தா, எட்டு அறைகள், பின்னால் துணி துவைக்கும் மேடை. தோட்டம் கைவிடப்பட்டு, தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. பொறுப்பில் இருந்தவள் அதே சிஸ்டர்தான். எஸ்தர்ராணி என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தேனிப் பக்கத்துக்காரி. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, சூடாகத் தேநீர் கொடுத்துவிட்டுப் பேசினாள். குளிருக்காக ஒருவர் தேநீர் குடிப்பதே அங்கிருந்த பலருக்குப் புதுசு.

"வெக்கப்படாம கேட்டுக்கோங்க. ஒரு மாசத்துல முட்டை வெளிய வர்றது ஒரே ஒரு தடவ. வந்தா பன்னெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு நாள். அதுக்குள்ள சேரலன்னா கரைஞ்சிரும். ஆம்பளையோட உயிரணு குளிர்ல அஞ்சு நாள் வரைக்கும்கூட உள்ள காத்துக் கெடக்கும். அதனால, முட்டை வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே சேர்ந்திருக்கிறதுதான் நல்லது. முட்டை வந்த பிறகு ஓடிப் பிரயோசனமில்ல. ஏன்னா அது யாருக்காகவும் காத்திருக்காது."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அது வாற நாளு எப்படி சிஸ்டர் தெரியும்?" என்றான்.

"விலக்கு வந்த நாள்லேருந்து எண்ணி வாரியத்துல ஒரு தேதி போட்டுத் தர்றாங்க. அது குத்துமதிப்பு. இங்க வந்ததும் சிறுநீர்ல பட்டையை நனைச்சுப் பார்ப்போம். அதுல கோடு அழுத்தமா விழுந்தா ஒண்ணரை நாள்ல வரப்போகுதுன்னு அர்த்தம். வந்துட்டுப் போயிருந்தா, விரல்ல போட்டிருக்கிற மோதிரம் சொல்லிரும். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறியிருக்கும்."

பிறகு பெண்களை ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

தர்ணிகாவின் முறை வந்தபோது கிஷோர்பாண்டி எழுந்து நின்றான். அவளோடு போக அனுமதி இல்லை என்று தெரிந்தும் அறை வாசல்வரை வந்தான். உள்ளே சிஸ்டர் பட்டையைப் பார்த்தாள். மோதிரத்தை ஒரு தட்டில் வைத்துக் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. நேத்து மத்தியானமே வந்து போயிருச்சு."

"இன்னும் மூணு நாள் இருக்கே சிஸ்டர்."

"எண்ணிப் போடுறது குத்துமதிப்புன்னு சொன்னேனே. அலைச்சல், வெயில், எதனாலயும் முந்திக்கும்."

நேற்று மத்தியானம் கொட்டகையில் இருவரும் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவன் தன் பங்கு ஊறுகாயையும் அவள் இலையில் வைத்தான். அந்த நேரத்திலா?

"வீட்டுக்காரர்ட்டச் சொல்லாதீங்க" என்றாள் சிஸ்டர். "ஆம்பளைங்க தாங்க மாட்டாங்க. நாலு நாள் இருந்து உடம்பை ஆத்திட்டுப் போங்க. விலக்கு வந்த பிறகு தானா தெரிஞ்சுக்குவாரு."

அவள் வெளியே வந்ததும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு நடந்தான். கம்பளியை உதறி விரித்தான். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். அதன் பிறகுதான், முதுகைக் காட்டிக்கொண்டே, "இந்தத் தடவ சரியாத்தான புள்ள வந்துருக்கோம்?" என்றான்.

"சரியாத்தான் வந்துருக்கோம் மாமா."

அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. பதினெட்டு மாதத்தில் அவனை மாமா என்று அவள் கூப்பிட்டதும் அப்போதுதான்.

மறுநாள் அவன் வேறு ஆளாக இருந்தான். காலையிலேயே எழுந்து, பனியில் போய் நின்று, தலைமயிரெல்லாம் நீர் கோத்து வந்தான். மதியம் அவளை இழுத்துப்போய் ஒரு நீரோடையைக் காட்டினான். ஆண் என்றால் தன் அப்பா பெயர் வைக்க வேண்டாம், அது பழைய பெயர் என்றான். பெண் என்றால் அவளே வைக்கட்டும் என்றான். அவள் சிரித்தாள். கூடவே படுத்தாள். அவனுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றம் சொல்ல இந்தத் தடவை ஆள் இல்லை. இரண்டு நாள் முன்னால் வந்தும் போய்விட்டது என்றால் யாரைத் திட்டுவது? தன் உடம்பைத் திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, துணி துவைக்கும் மேடையில் ஒரு பெண் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். பேருந்தில் முன் இருக்கையில் வந்தவள். கீழக்கரைக்காரி, நஸ்ரின். இருபத்தாறு வயது, முதல் தடவை. தர்ணிகா வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்ல லாத்தா." பிறகு அவளே சொன்னாள். "எங்க மாமி இருக்காகள்ல, அவுக தங்கச்சி வீட்டு விருந்தை முடிச்சுட்டுத்தான் போகணும்னுட்டாக. ஒரு நாள்ல என்ன ஆயிரும்னாக. நான் அழுதேன். மச்சானும் அவுக பக்கம்தான் பேசுனாக. முந்தின பேருந்துல வந்திருக்கணும் நாங்க." முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். "மன்னிக்கவே மாட்டேன் லாத்தா. ரெண்டு பேரையும். செத்தாலும் மன்னிக்க மாட்டேன்."

"ஏன், சிஸ்டர் என்ன சொன்னாக?"

"யார்ட்டயும் சொல்ல வேணாம்னாக."

"எங்கிட்டச் சொல்லு."

"நேத்தே போயிருச்சுன்னாக. நாம வந்ததுக்கு முந்தின நாளு. மத்தியானம்."

தர்ணிகா குழாயை மூடினாள்.

"எனக்கும் அதேதான் சொன்னாக" என்றாள்.

நஸ்ரினுக்கு முதலில் புரியவில்லை. ஒரே நாளில் இரண்டு பேருக்கு நடக்கக்கூடாதா என்றாள். நடக்கலாம்தான். ஆனால் பத்து வருடமாக அட்டையும் மூட்டையும் சரிபார்த்தவள் தர்ணிகா. ஒரு கணக்கு இடித்தால் அவளால் விட்டுவிட முடியாது. அன்று பகல் முழுவதும் ஏதாவது சாக்கு வைத்து ஒவ்வொரு பெண்ணிடமும் போய் உட்கார்ந்தாள். ஊசி கேட்டாள். தலைக்கு எண்ணெய் கேட்டாள். தன் கதையைச் சொன்னால் எதிரில் இருப்பவள் தன் கதையைச் சொல்லிவிடுவாள் என்பது வரிசையில் நிற்கும் சனத்திடம் அவள் படித்த பாடம். எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அதே பதில்: வந்ததற்கு முந்தின நாள் மத்தியானம். பரமக்குடிக்காரி ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தர்ணிகா சொல்லி முடிக்கும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தவர்கள் ஆளுக்கு ஒன்றைக் குற்றம் சொன்னார்கள். ஒருத்தி புருஷனை. ஒருத்தி பாதி வழியில் பழுதான மினி பஸ்ஸை. ஒருத்தி, தன் நாக்கு ருசிக்காகத் தின்ற பப்பாளியை.

சாயங்காலம் தர்ணிகா அலுவலக அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"எட்டுப் பேருக்கும் ஒரே மத்தியானமா சிஸ்டர்?"

எஸ்தர்ராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். மறுத்துப் பேசவில்லை. யாராவது ஒருநாள் வந்து இதைக் கேட்பார்கள் என்று வெகுநாளாக எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவள்போல, எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. உங்க பேர் தர்ணிகாதான? மூணாவது தடவ." திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இது உங்க முதல் தடவைப் படம். பாருங்க. விலக்கானதுலேருந்து பாதி மாசம்வரைக்கும் கோடு ஒரே மட்டமா வருது. இந்த இடத்துல ஒரு படி ஏறுதுல்ல? அரை டிகிரிகூட இருக்காது. அதுதான் முட்டை வந்ததுக்கு அடையாளம். ஏறுனது அடுத்த விலக்குவரைக்கும் எறங்கல." அவள் விரல் இன்னொரு படத்துக்குப் போனது. "இது ரெண்டாந்தடவை."

கோடு மட்டமாக வந்து, மட்டமாகவே போனது.

"படி எங்க?" என்றாள் தர்ணிகா.

"இல்ல."

"அப்பன்னா?"

"முட்டை வரலம்மா. அந்த மாசமும் வரல, அதுக்கு முந்தின சில மாசமும் வரல. இந்தத் தடவையும் இல்ல. உங்களுக்கு மட்டுமில்ல. ரெண்டு வருசமா இந்த மனைக்கு வந்த ஒருத்திக்குக்கூட அந்தப் படி ஏறல."

"எனக்கு மாசா மாசம் ஒழுங்கா வருதே சிஸ்டர்."

"விலக்கு வேற, முட்டை வேற. முட்டை வராமலே கருப்பை தன் பாட்டுக்குத் தடிச்சு தன் பாட்டுக்கு உதிர்க்கும். பார்த்தா வித்தியாசம் தெரியாது. நம்ம உடம்பு முடிவு பண்ணிருச்சும்மா. இத்தனை வருச வெயில்ல, புள்ள பொறந்து பொழைக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சோ என்னமோ. மொதல்ல நாலு நாள் குளிர் காட்டுனா ஏமாந்து முட்டையை விட்டுச்சு. இப்ப ஏமாற மாட்டேங்குது. வாரியத்துக்கு எழுதினேன். ஒரு தடவ இல்ல, ஆறு தடவ. வர்றவங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வழக்கம்போல நடத்துங்கன்னு பதில் வந்துச்சு."

"அதுக்காகப் பொய்யா சொல்லுவீக?"

"மொதல்ல நெசத்தைத்தான் சொன்னேன்." சிஸ்டரின் குரல் தாழ்ந்தது. "மூணு பேருக்குச் சொன்னேன். ரெண்டு பேர் அழுதாங்க. ஒருத்தி அழல. நன்றி சிஸ்டர்னு சொல்லிட்டுப் போனா. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குற பள்ளத்துலேருந்துதான் அவளைத் தூக்குனோம். வரவே வராதுன்னா மனுசங்க தாங்கல. ஒரு நாள்ல தப்பிருச்சுன்னா தாங்கிக்கிறாங்க. ஏன்னா அடுத்த தடவ சீக்கிரம் வந்துரலாம்ல." அவள் தர்ணிகாவைப் பார்த்தாள். "நீங்க ரேஷன் கடையிலதான இருக்கீங்க? அரிசி வராத மாசம் வரிசையில நிக்கிறவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

தர்ணிகா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன்."

"நானும் அதைத்தான் செய்யறேன்."

"இல்ல சிஸ்டர். நாளைக்குன்னு சொன்னா அவுக வீட்டுக்குப் போயிக் காத்துக் கெடப்பாக. நீங்க நேத்துன்னு சொல்றீக. நேத்துன்னா அது யாராலயோ போச்சுன்னுதான ஆகும்? அந்த ஆளை வீட்டுக்குள்ள தேடிப் பிடிச்சுருவோம்ல?"

இந்தப் பக்கத்திலிருந்து எஸ்தர்ராணி யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"உங்க வீட்டுல வேற யாரும் வாரியத்துல பதிஞ்சு வச்சிருக்காங்களா?"

"நாத்தனார். போன ஐப்பசியிலதான் கல்யாணமாச்சு."

"அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் சிஸ்டர். "அவட்ட என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

தர்ணிகா அறைக்குப் போகவில்லை. கிஷோர்பாண்டி தேயிலைக் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும், "பச்சையா வாசமே இல்ல புள்ள" என்றான். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. படத்தைச் சொன்னாள், படியைச் சொன்னாள், ரெண்டு வருசத்தைச் சொன்னாள்.

அவன் கொழுந்தைக் கீழே போட்டான்.

"போன தடவையும் இல்லையா?"

"போன தடவையும் இல்ல."

"அப்ப அந்தப் பேருந்தைப் பிடிச்சிருந்தாலும்?"

"ஒண்ணும் நடந்திருக்காது மாமா."

அவன் அழுவான் என்று நினைத்தாள். கோபப்படுவான் என்று நினைத்தாள். கல்லைத் தூக்கிச் சிஸ்டர் அறைச் சன்னலில் எறிந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் மெதுவாகக் கேட்டான்:

"எங்க அம்மாவைக் கெடத்தியிருக்கையில சொன்னியே தர்ணி. அத்தன சனத்துக்கு முன்னால."

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்து, அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை உச்சரிக்கும் தைரியம் வரவில்லை. பதினெட்டு மாதமும் அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாதது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவன் அவள் சொன்னதை நம்பியிருந்தான். பிள்ளையைக் கொன்றவன் தான்தான் என்று நம்பி, அவள் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான்.

"எந்திரி புள்ள" என்றான் அவன். "தரை ஈரமா இருக்கு."

அவளைத் தூக்கிவிட்டான். ஆனால் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

மற்ற ஏழு பெண்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தர்ணிகா நினைத்தாள். மறுநாள் காலை கூடத்துக்குப் போனபோது நஸ்ரின் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர்ட்டக் கேட்டீகளா லாத்தா? அடுத்த தடவ எத்தன நாள் முன்னாடி வரணுமாம்?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, கஞ்சியைக் குடிக்காமல் எழுந்து போனாள். புருஷனை மட்டும் மன்னித்துவிடு என்று பேருந்து ஏறும்போது நஸ்ரினிடம் சொன்னாள். நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இறங்கும் வழியில் ஆறாவது வளைவிலேயே சன்னல்களை மூடச் சொல்லிவிட்டார் ஓட்டுநர்.

சாயல்குடியில் அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தான். தகட்டுப் பண்ணையில் வேலையைத் திரும்பக் கேட்டுப் போனான், அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள். பகலெல்லாம் இருட்டடித்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் சோறு வைத்தால் தின்றான். அவள் பேசினால் பதில் சொன்னான். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், "என்னை ரெண்டு வார்த்த திட்டவாவது செய்யுங்க மாமா" என்றாள். அவன் யோசித்துப் பார்த்தான். "திட்ட என்னத்த இருக்கு" என்றான். உண்மையிலேயே அவனுக்கு எதுவும் தோன்றவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் குற்றவாளியாக இருந்தவரை, அடுத்த தடவை சரிசெய்துவிடலாம் என்று ஒன்று அவனுக்கு இருந்தது. அதையும் அவள்தான் எடுத்துவிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு விடியற்காலையில் அவன் தங்கை வர்ஷினி புருஷனோடு வந்தாள். வெயில் ஏறும் முன் திரும்ப வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். கையில் வாரியத்தின் அட்டை. மூன்று கட்டமும் வெறுமையாக, முதல் கட்டத்தில் மட்டும் ஒரு தேதி.

"அண்ணே, எங்களுக்கு வந்துருச்சு!"

கிஷோர்பாண்டி எழுந்து உட்கார்ந்தான். அட்டையை வாங்கிப் பார்த்தான். தர்ணிகா அடுப்படி வாசலில் நின்றாள். அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவன், அவளையும் அந்த மலைக்கு ஏற்றி இறக்க மாட்டான். சொல்லட்டும், யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று காத்து நின்றாள்.

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. மைத்துனனைப் பார்த்தான். கவின்ராஜ் என்று பெயர், துறைமுகத்தில் வேலை, இன்னும் மீசை சரியாகத் தடிக்காத முகம்.

"மாப்ள, லீவு கேட்டாச்சா?"

"கெளம்புறதுக்கு மொத நாள் சொன்னாப் போதும் மச்சான்."

"போதாது." அவன் குரல் இத்தனை நாளில் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. "இன்னைக்கே சொல்லிரு. குடுக்கலன்னா வேலையை விட்ரு. மூணு நாள் முன்னாடியே போயிச் சின்னமனூர்ல உக்காந்துரு. என்ன ஆனாலும் உன்னால ஆச்சுன்னு ஒருத்தி வாயில வரக் கூடாது. கேட்டியா?"

கவின்ராஜ் பயந்துபோய்த் தலையாட்டினான்.

வர்ஷினிக்கு அண்ணனின் குரல் விளங்கவில்லை. அண்ணி பக்கம் திரும்பினாள். அவளுக்கும் இந்த வீட்டின் பதினெட்டு மாதம் தெரியும். யார் பிந்தியவர் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

"அண்ணி, இந்தத் தடவையாச்சும் சரியான நாள்ல போனீகள்ல?"

தர்ணிகா கிஷோர்பாண்டியைப் பார்த்தாள். அவன் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். உண்மையைச் சொல்ல வேண்டிய வாக்கியம் அவள் வாய்க்குள் முழுதாக இருந்தது. எதிரே நின்றவள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மார்போடு சேர்த்து. கோலம் போட்டுவிட்டு வந்த விரல்களில் மாவு ஒட்டியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளம் தர்ணிகாவின் நினைவுக்கு வந்தது.

"இல்லத்தா" என்றாள். "இந்தத் தடவ என்னாலதான் பிந்திருச்சு. உங்கண்ணன் ரெண்டு நாள் முன்னாடியே கெளம்பி நின்னாக. நான்தான் ஒரு நாள் தாமசம் பண்ணிட்டேன்."

சுவரைப் பார்த்திருந்தவனின் தோள் அசைந்தது. அவன் திரும்பவில்லை.

வர்ஷினி முதலில் அவளை இரக்கமாகத்தான் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள், அவன் வேலையையும் விட்டுவிட்டு வந்து படுத்துக் கிடப்பதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏன் அண்ணி?" என்றாள். "ஒரு நாளு முன்னாடி கெளம்ப உங்களுக்கு என்ன கேடு?"

தர்ணிகா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே போய், அவர்கள் இருவருக்கும் மோர் கலக்கினாள்.